மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கமரா

என் பழைய மாணவன் ஒருவன் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வரை மோட்டார் சைக்கிளிற் செல்ல வேண்டும்; வழி முழுவதையும் வீடியோவாக எடுத்து, கனடாவிலே படுக்கையாய்க் கிடக்கும் தன் அப்புவுக்கு அனுப்ப வேண்டும். இதுவே அவன் எண்ணம். அப்பு பூநகரியிற் பிறந்தவர். அந்தக் கடல்நீரேரியைப் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையிற் கடந்தவரேயன்றி, 2011ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாலத்தைக் கண்டவரல்லர்.

"எதை வாங்கலாம், சேர்?" என்று இரண்டு விளம்பரத் தாள்களை நீட்டினான். ஒன்றிலே 8கே என்றும் மற்றதிலே 4கே என்றும் கொட்டை எழுத்தில் இருந்தது. முன்னதன் விலை அவனுடைய மூன்று மாதச் சம்பளம்.

கைத்தொலைபேசியையே கைபிடியிற் பூட்டினால் ஆகாதா என்று வாசகர் கேட்கலாம். ஆகாது. பல தொலைபேசிகளில் வில்லை அசைந்து கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் அதிர்வு ஓயாது தாக்கினால் அந்த அமைப்புக் கெடும். 2021இல் அப்பிள் நிறுவனமே இதைப்பற்றி எச்சரித்தது. வேறொரு தொலைபேசியை இவ்வாறு கெடுத்துக்கொண்ட பின்னரே நான் அதை வாசித்தேன் என்பது என் வீட்டார் அறியாத செய்தி.

கமராவின் உள்ளேயிருக்கும் உணரி படத்தை ஒரே கணத்திற் பிடிப்பதில்லை. பெரும்பாலும், ஏடு வாசிப்பதுபோல், மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு இறங்குகிறது. கீழ் வரிக்கு வருவதற்குள் வண்டி குலுங்கிவிட்டால், மின்கம்பங்கள் முருங்கைக் கொப்புப்போல் வளைந்து காணப்படும். புள்ளிகளின் தொகையைக் கூட்டுவதால் இக்குறை தீராது. விளிம்புகளை வெட்டி நடுப்பகுதியை நிலைநிறுத்தும் வசதி பெரிதும் உதவும். அது இருக்கிறதா என்றே முதலிற் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எங்கே பூட்டுவது? தலைக்கவசத்தின் உச்சியில் ஒட்டுவதாகச் சொன்னான். விழுந்தால் அது எதிலாவது சிக்கிக் கழுத்தை இழுக்கக்கூடும். கைபிடியோ அதிர்வின் பிறப்பிடம். மார்பிலே வாரிட்டுக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். முதுகும் தோளும் குலுக்கத்தின் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும்.

பின்பு ஒரு சிறு கணக்குப் போட்டோம். விநாடிக்கு 100 மெகாபிற் எழுதும் கமரா, மணிக்கு 45 கிகாபைற்றை விழுங்கும். 128 கிகாபைற் அட்டை மூன்று மணிக்குக்கூடப் போதாது. பற்றரி அதற்கு முன்னரே சோர்ந்துவிடும். ஆகையால் மேலதிகமாக ஒன்றேனும் வேண்டும். வெயிலில் வண்டியை நிறுத்தி எடுத்தால் கமரா சூடேறித் தானாக நின்றுவிடுவதும் உண்டு.

இவ்வளவையும் கேட்டபின்பும் அவன் கண் 8கேயிலிருந்து அகலவில்லை. "அப்பு எதிலே பார்ப்பார்?" என்றேன். "மாமியின் கைத்தொலைபேசியிலே" என்றான். அந்தச் சிறு திரைக்கு 4கேயே மிகை. "நீ பேசுவது அவருக்குக் கேட்க வேண்டாமா?" என்றேன். சங்குப்பிட்டிக் காற்று நீங்கள் அறிந்ததே. அங்கே கமராவின் சொந்த ஒலிவாங்கியிற் காற்றின் இரைச்சலே மிஞ்சும். வெளி ஒலிவாங்கி பொருத்த இடமுள்ளது அந்த 4கே கமரா. ஒலிவாங்கியைப் பஞ்சுறையிட்டுத் தலைக்கவசத்தின் உட்புறம், வாயருகே வைத்தாற் பேச்சுத் தெளியும்.

மலிந்ததையே வாங்கினான். முதலில் ஊருக்குள்ளே ஒருமுறை ஓடிப் பார்த்தபோது, மார்பிற் கட்டியது தாழ்ந்து எண்ணெய்த் தாங்கியே படம் முழுவதும் நிறைந்திருந்தது. திருத்திக்கொண்டு ஞாயிறு காலை புறப்பட்டான்.

நேற்றுத் தொலைபேசியிற் பேசினான். அப்பு முழுவதையும் பார்த்தாராம். பாலம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, பாதை கட்டும் துறை எந்தப் பக்கம், அதை ஏன் காட்டவில்லை என்று கேட்டாராம்.

"வருகிற ஞாயிறு மறுபடியும் போகிறேன், சேர்" என்றான்.