பந்தியில் பேதம் வேண்டாம்

கொல்லிமலையில் திண்ணனூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று பல நாடுகள் உண்டு. மலைவாசிகள் இவ்விதம் பிரிந்து வாழ்ந்தபோதிலும், ஆடிப் பெருக்கன்று எல்லா நாட்டாரும் ஒரே ஆற்றில் நீராடி, அறப்பளீசுவரர் சந்நிதியில் ஒருங்கே நிற்கின்றனர். இதே மலையில் கிறிஸ்தவ சபையும் வேரூன்றியிருக்கிறது. அச்சபைகளின் பிரிவினையையும் சமரசத்தையும் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

இம்மலையில் ஊழியம் புரிந்த ஜெஸ்ஸி பிராண்டு 1929-இல் ஜுரத்துக்குப் பலியானார். அவர் மனைவி எவலின் அம்மையார் 1974-இல் காலமாகும் வரையில் மலை ஜனங்களுக்கே உழைத்தார். இவர்களுடைய தியாகத்தைக் குறைத்துப் பேசுவோர் நன்றி கெட்டவராவர். ஆயினும், இவர்களை அனுப்பியது ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்பதைக் கவனிக்க வேண்டும். விசுவாசத்தை அறிக்கையிட்டு நீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றவர்க்கே இராப்போஜனப் பந்தியில் இடமுண்டு என்ற கண்டிப்பினால் வந்த பெயர் அது. இங்கிலாந்தில் எழுந்த அந்த விவாதத்துக்கும், தினையும் சாமையும் விளைவிக்கும் மலையாளிக் குடியானவனுக்கும் என்ன சம்பந்தம்? ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்ற பேதங்களும் இவ்விதம் கப்பலேறி வந்தவையே.

இந்த அவமானத்தை முதலில் உணர்ந்து பேசியவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய 33 குருமாரில் இருவர் தவிர மற்றவரெல்லாம் இந்தியர். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் அத்தியக்ஷரான வேதநாயகம் சாமுவேல் அஸாரியா அவர்களில் முதன்மையானவர். 28 வருஷம் வாதங்கள் நடந்தன. அஸாரியா பலனைக் காணாமலே 1945-இல் காலமானார். தேசம் விடுதலை பெற்ற 43-ஆம் நாள், 1947 செப்டம்பர் 27-இல், சென்னை ஸெயிண்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று.

இந்தச் சமரசம் எவ்வாறு சாத்தியமாயிற்று? ஒருவரும் தம் பூர்வ ஊழியம் பொய்யென்று ஒப்புக்கொள்ளும்படி கேட்கப்படவில்லை. முன்னமே அபிஷேகம் பெற்ற குருமார் யாவரும் மறு அபிஷேகமின்றி ஏற்கப்பட்டனர். இனி வருவோர் அத்தியக்ஷர் கையால் அபிஷேகம் பெறுவதென்று ஏற்பாடாயிற்று. அந்தந்தச் சபையார் பழகிய ஆராதனை முறையை நடத்தவும் தடையில்லை. லூதரன் சபையாரும் பாப்டிஸ்டுகளும் இதில் சேரவில்லை. அது அவர்களுடைய மனச்சாக்ஷியைப் பொறுத்த விஷயம். நாம் குறை கூறோம்.

ஆனால் கப்பலேறி வந்த பேதங்கள் தணிந்தும், மண்ணில் விளைந்த பேதம் தணியவில்லையே! வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் ஜாதிக்கொரு பக்கமாக ஜனங்களைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-இல் தான் இடிக்கப்பட்டது. விழுப்புரத்தை அடுத்த எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கோரியதையொட்டி 2008 மார்ச்சில் எழுந்த கலகத்தில், போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தால் இருவர் மாண்டனர். செங்கற் சுவரை இடிக்க ஒரு நாள் போதும். மனச்சுவரை இடிக்க நூறாண்டும் போதவில்லை! இவை போதாவென்று, சொத்துக்கும் பதவிக்குமாகச் சபையார் நீதிஸ்தலம் ஏறும் வியாஜ்யங்கள் வேறு. சகோதரனோடு சகோதரன் அந்நியர் முன் வழக்காடுவதைப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தில் வன்மையாகக் கண்டித்திருப்பதை இவர்கள் படித்ததில்லையா?

ஜாதிக் கொடுமையை மறைத்துவிட்டுச் சமாதானம் பேசுவது சமரசமாகாது. தாழ்த்தப்பட்டவன் தனிக்கோவில் கேட்டால், பிரிவினைக்காரன் என்று அவனைத் தூற்றுவதற்கு முன், பொதுக் கோவிலில் அவனுக்குச் சம இடம் இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். அநீதி செய்தவன் முதலில் இறங்கி வருவதே முறை.

ஆகவே சபைத் தலைவர்களுக்கு நாம் சொல்லுவது இது: பந்தியிலும், பாடற்குழுவிலும், கல்லறையிலும் ஜாதியை ஒழியுங்கள்; சபைக் கணக்கைச் சபையார் முன் வையுங்கள்; வழக்குகளை இரு திறத்தாரும் நம்பும் மத்தியஸ்தரிடம் ஒப்புவியுங்கள். திண்ணனூர் நாட்டு மலைவாசிக்கு மேல்நாட்டாரின் சண்டையும் வேண்டாம், சமவெளியாரின் ஜாதியும் வேண்டாம். அவனுக்கு ஒன்றுபட்ட சபையைக் கொடுக்க இயலாவிடில், நம்முடைய பிளவுகளையேனும் மலையேற்றாதிருப்போமாக.