அணிலின் முதுகில் கோடு உண்டா?

நவம்பர் 14 நெருங்கினால் நூலகங்களுக்கு ஒரு களை வந்துவிடும். குழந்தைகள் தினத்தில் தொடங்கி 20-ம் தேதி வரை தேசிய நூலக வாரம். வாசலில் தோரணம், உள்ளே புத்தகக் கண்காட்சி, வாசகர் வட்டத்தின் சார்பில் குழந்தைகளுக்குப் போட்டிகள். அதில் ஓவியப் போட்டி தவறாமல் இருக்கும்.

தலைப்புகளும் தெரிந்தவைதான். மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம், தூய்மையான ஊர். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வளைந்து ஓடும் ஆறு. மூன்று பரிசு, கொஞ்சம் ஆறுதல் பரிசு, கைதட்டல். மறுநாள் அந்தப் படங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

இந்த வருஷம் தலைப்பை மாற்றிப் பார்த்தால் என்ன? "நம் நூலகத்துக்கு ஒரு செல்லச் சின்னம் வரைந்து தாருங்கள்" என்று குழந்தைகளிடம் கேட்டால்?

முத்திரை வேறு, செல்லச் சின்னம் வேறு. முத்திரை லெட்டர் பேடில் உட்கார்ந்திருக்கும். செல்லச் சின்னத்துக்குக் கண், மூக்கு, பெயர், குணம் எல்லாம் உண்டு. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு 'அப்பு' யானை மறந்திருக்காது. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற குதிரையை நம் வீட்டுப் பொடிசுகள்கூடக் கண்டுகொண்டன. அந்தக் குதிரைக்கு வாயில் நுழையாத பெயர் எதையும் வைக்காமல் 'தம்பி' என்று வைத்தார்கள். பெயரிலேயே அது வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

நூலகத்துக்கும் இப்படி உண்டு. நியூயார்க் பொது நூலகத்தின் வாசலில் 1911 முதல் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. 1930-களில் அந்த ஊர் மேயர் அவற்றுக்குப் பொறுமை, மனவுறுதி என்று பெயர் வைத்தார். இன்றும் அந்தப் பெயர்கள்தான்.

நம் சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது அதில் ஐந்தாவது. உயிர் என்றால் அதற்கு ஒரு முகம் இருக்கட்டுமே. அந்த முகத்தைப் பிள்ளைகளே வரைந்து கொடுக்கட்டும்.

எந்த முகம்?

மம்சாபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பக்கத்தில், மேற்கே தலை நிமிர்ந்தால் மலை தெரிகிற ஊர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் சின்னம் கேட்டால் போட்டி பலமாக இருக்கும். சுற்றிலும் அத்தனை புகழ் பெற்ற முகங்கள்!

முதலில் கோபுரம். தமிழக அரசின் முத்திரையில் இருப்பது எங்கள் ஊர்க் கோபுரம்தான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் மார்தட்டுவார்கள். ஆனால் அது ஏற்கெனவே பெரிய வேலையில் இருக்கிறது. தவிர, நூலகம் எல்லா மதத்துப் பிள்ளைகளும் வந்து உட்கார்கிற இடம்.

அடுத்து பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமை அதற்கு உண்டு. கை, கால், கண் வைத்து ஒரு பால்கோவாவை எந்தக் குழந்தையாவது கண்டிப்பாக வரையும். பார்க்கிற நடுவருக்கு நாக்கில் நீர் ஊறும். ஆனால் புத்தகத்தில் நெய்க்கறை படியுமே என்று நூலகர் கவலைப்படுவார்.

ராஜபாளையம் நாயை விட முடியுமா? வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, 2005-ல் தபால் தலையிலேயே இடம் பிடித்த கம்பீரம். ஒரே சங்கடம், அது வளர்த்தவரை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும், புதிதாக வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடும். நூலகத்துக்கு வேண்டியது நேர் எதிரான குணம். இருந்தாலும், நாலு பேரைப் படுக்க வைத்துக் கதை சொல்கிற ராஜபாளையம் நாய் ஒன்றை ஒரு குழந்தை வரைந்தால் பரிசைக் கொடுத்துவிடத்தான் தோன்றும்.

ஆண்டாள் கையில் இருக்கும் கிளி? இலைகளைக் கொண்டு நாள்தோறும் புதிதாகக் கட்டி, மாதுளம்பூவில் அலகு வைக்கிற அழகான கைவேலை அது. கிளி என்றால் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் செய்கிற மனப்பாடம் போதாதா, நூலகத்திலுமா என்று யாராவது கேட்கலாம். கிளி தூது போகும், செய்தியை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும், புத்தகமும் அதைத்தானே செய்கிறது என்று இன்னொருவர் பதில் சொல்லலாம். இந்த வாக்குவாதத்தைப் பிள்ளைகள் செய்ய வேண்டும், நாம் ஓரமாக நின்று கேட்க வேண்டும்.

என் மனசு மட்டும் அணில் பக்கம். மேற்கு மலையில் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிற இனம். அதற்காகவே 1988-ல் இங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. உலகத்துக்கே அரிதான ஒரு பிராணி, இந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்!

நடுவருக்கு ஒரு சோதனை

இங்கேதான் தலைப்பில் கேட்ட கேள்வி வருகிறது. நம் வீட்டு மதில் மேல் ஓடும் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. ராமர் தடவிக் கொடுத்தது என்று பாட்டி கதை சொல்லியிருப்பார். மலை அணிலுக்கு அந்தக் கோடு கிடையாது. நரை விழுந்த தலைபோல வெள்ளை கலந்த சாம்பல் முடி, உடம்பு நீளத்துக்கு ஈடான புசுபுசு வால், ஒன்றரைக் கிலோவைத் தாண்டும் எடை. தரைக்கு அதிகம் இறங்காது. கிளையோடு கிளை தொட்டுக்கொண்டு நிற்கிற மரங்களில் தாவித் தாவியே போய்விடும். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துபோகும்.

செல்போனில் 'மலை அணில்' என்று தேடினால், செம்பழுப்பும் கருப்புமாக இருக்கும் அதன் உறவுக்கார அணில் முதலில் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். அதைப் பார்த்து அப்படியே வரைந்தால் படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது சாம்பல் நிற மலை அணில் அல்ல. சரியான அணில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அந்தக் குழந்தை ஒரு புத்தகத்தைத் திறக்க வேண்டும், அல்லது மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிற தாத்தாவிடம் கேட்க வேண்டும். நூலகம் நடத்துகிற போட்டி, குழந்தையை நூலகத்துக்குள்ளேயே தேட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் வண்ணம் தீட்டும் போட்டிதான்.

அதற்காக, கோடு போட்ட அணிலைத் தள்ளிவிடவும் கூடாது. "இதென்ன அணில் கண்ணு?" என்று கேளுங்கள். "இது எங்க வீட்டு அணில். லீவுக்கு மலையில இருக்குற பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கு" என்று பதில் வந்தால், அந்தக் குழந்தைக்கு இரண்டு அணிலும் தெரியும், கதையும் தெரியும். இதைவிட நூலகத்துக்கு வேறென்ன வேண்டும்?

பெரியவர்கள் கையை எடுங்கள்

ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போனவர்களைக் கேட்டால் ஒரே குறையைச் சொல்வார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் பெயரில் வரும் படத்தில் முப்பத்தைந்து வயதுக் கை தெரியும். நிழல் சரியாக விழுந்திருக்கும், எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். பக்கத்தில், வாலை மூக்கைவிடச் சின்னதாகப் போட்டுவிட்டு, இடம் போதாமல் கடைசி எழுத்தைத் தாளின் ஓரத்தில் செங்குத்தாக எழுதிய படம் ஒன்று இருக்கும். பரிசு எதற்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அம்மாக்களைக் குறை சொல்வது சுலபம். சான்றிதழ்கள் கோப்பில் சேர வேண்டும் என்று பள்ளியும் உறவும் சுற்றமும் அவர்களைத் துரத்துகிற துரத்தலும் உண்டு. ஆனால் இதில் இரண்டு குழந்தைகள் தோற்கிறார்கள். தன் படம் தோற்றதும், தனக்கு வரைய வராது என்று முடிவு கட்டி கிரேயானை மூடி வைக்கிற குழந்தை ஒன்று. தான் வரையாத படத்துக்குப் பரிசு வாங்கி, 'நான் போட்டது போதாது போல' என்று உள்ளுக்குள் உணர்கிற குழந்தை இன்னொன்று. இரண்டாவது குழந்தையை யாரும் கவனிப்பதில்லை, அது கையில் கோப்பையோடு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருப்பதால்.

கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய போட்டி, உலகம் முழுவதிலும் இருந்து படங்கள் வருகிற அளவுக்கு வளர்ந்தது. அவர் பெயரில் டெல்லியில் நடக்கும் இன்னொரு போட்டியில், பிள்ளைகள் நேரில் வந்து உட்கார்ந்துதான் வரைய வேண்டும். எளிய வழி, உறுதியான வழி.

எப்படி நடத்தலாம்?

வாசகர் வட்டத்தில் இருப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், மகளிர் குழுவினர் யார் வேண்டுமானாலும் நூலகரோடு பேசி இதைச் செய்யலாம். பெரிய செலவில்லை.

முதல் நாள் வரையவே வேண்டாம். பிள்ளைகளை நூலகத்துக்குள் ஒரு மணி நேரம் உலவ விடுங்கள். பறவை, விலங்கு, ஊர் வரலாறு பற்றிய புத்தகங்களை மேஜையில் பரப்பி வையுங்கள். இந்த நூலகம் ஒரு பிராணியாக இருந்தால் என்ன பிராணி, அது எதைச் சாப்பிடும், யாரோடு சேரும் என்று பேச விடுங்கள்.

அடுத்த நாள் அங்கேயே வரையட்டும். ஒரே அளவுத் தாள், எல்லோருக்கும் நடுவில் பொதுவாக ஒரு கிரேயான் டப்பா. நாற்பத்தெட்டு வண்ணம் வைத்திருக்கிற பிள்ளைக்கும் ஒன்றுமே கொண்டுவராத பிள்ளைக்கும் அப்போதுதான் ஒரே தரை. பெற்றோர் வெளியே டீ குடிக்கட்டும்.

படத்தின் பின்னால் இரண்டே வரி. சின்னத்தின் பெயர் என்ன, அது ஏன் நம் நூலகத்தில் இருக்கிறது. எழுதத் தெரியாத சின்னக் குழந்தை சொன்னால், ஓர் அக்கா எழுதிக்கொள்ளட்டும்.

தேர்ந்தெடுப்பதையும் பிள்ளைகளிடமே விடலாம். டோக்கியோ ஒலிம்பிக் சின்னத்தை அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று வடிவங்களை ஜப்பானின் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பி, வகுப்புக்கு ஒரு ஓட்டு என்றார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வகுப்புகள் ஓட்டுப் போட்டன. 2018 பிப்ரவரியில் முடிவு வந்தது. ஒருவருக்கு ஒரு ஓட்டு என்றால் கையைத் தூக்கிவிட்டுப் போய்விடலாம். வகுப்புக்கு ஒரு ஓட்டு என்றால் நாற்பது பேரும் பேசி, விட்டுக்கொடுத்து, ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அங்கே படம் வரைந்தவர் பெரியவர். நாம் ஒரு படி மேலே போய், வரைவதையும் பிள்ளைகளுக்கே கொடுப்போம்.

தேர்வான படத்தைத் தொழில்முறை ஓவியரிடம் கொடுத்துத் 'திருத்த' வேண்டாம். வால் கோணலாக இருந்தால் கோணலாகவே சுவருக்குப் போகட்டும். ஓரத்தில் வரைந்த பிள்ளையின் பெயரும் வகுப்பும் வரட்டும். மற்ற படங்களையும் குப்பையில் போடாமல், துளையிட்டு நூல் கோத்து ஒரு புத்தகமாகத் தைத்து அலமாரியில் வைக்கலாம். 'என் படம் இருக்கிற புத்தகம்' என்று காட்டவே ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் இருக்கிறவர்களை இழுத்துக்கொண்டு வரும். பரிசாக எவர்சில்வர் டப்பா வேண்டாம், புத்தகம் கொடுங்கள். முடிந்தால் உறுப்பினர் அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள்.

நம்முடைய காசு, நம்முடைய இடம்

நூலகம் அரசாங்கத்தின் இடம், நமக்கென்ன அதில் உரிமை என்று தயங்க வேண்டாம். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. நூலகத்துக்குள் காலே வைக்காதவர் வீட்டில் இருந்தும் அந்தப் பணம் போகிறது. கட்டிய காசுக்குப் பிள்ளைகளையாவது உள்ளே அனுப்ப வேண்டாமா?

இந்த மண்ணுக்கும் அதில் ஒரு முன்கதை உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜபாளையம் பி.எஸ்.குமாரசாமி ராஜா, தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிப் போய் நடமாடும் நூலகம் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் புத்தகம் ஆளைத் தேடி வந்தது. இன்று புத்தகம் ஓரிடத்தில் காத்திருக்கிறது, ஆள் வர வேண்டியிருக்கிறது. வாசலில் ஒரு தெரிந்த முகம் நின்று "வா" என்று கூப்பிட்டால் பிள்ளைகளுக்கு உள்ளே போகச் சுலபமாக இருக்கும்.

இந்த வாரம் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கூடவே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிரேயானை மட்டும் நீங்கள் தொடாதீர்கள்.