கணினிச் சூரியனை நம்பலாமா?

மாணவர்களே, மூன்றாம் படிவ அறிவியலில் சூரியனைப் பற்றிய பாடம் நடத்தும்போது, சுடர்வெடிப்பு ஒன்றின் கணினிக் காட்சியைத் திரையில் காட்டுவேன். “டீச்சர், இது உண்மையா எடுத்த படமா, கணினியில் செய்ததா?” என்ற கேள்வி தவறாமல் வரும். கணினியில் செய்தது என்றதும் சிலருக்கு ஆர்வம் போய்விடும். கேள்வி சரியானது. ஆர்வம் இழப்பதுதான் தவறு என்பேன்.

சூரியனில் காந்தப்புலக் கோடுகள் முறுக்கேறி, அறுந்து, மீண்டும் இணையும்போது, அவற்றில் தேங்கிய ஆற்றல் திடீரென வெளியாகிறது. அதுவே சுடர்வெடிப்பு. சூரியன் நமக்கு அருகில் இருப்பதால், வெடிப்பு எங்கே தொடங்கிப் பரவுகிறது என்று விண்கலங்கள் படம்பிடிக்கின்றன. 4.2 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள புரோக்சிமா சென்டாரியில் அப்படிப் பார்க்க முடியாது. ஒரு புள்ளியின் வெளிச்சம் ஏறி இறங்குவது மட்டுமே தெரியும்.

தீபாவளி இரவில் பக்கத்துத் தாமானில் வானம் பளிச்சிட்டால், அது எந்த வகை வாணவெடி என்று ஊகிப்பீர்கள். அந்த வெடியை அருகில் பார்த்திருப்பதே காரணம். அறிவியலாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். வாயு, காந்தம், ஒளி ஆகியவற்றின் விதிகளைக் கொண்டு கணினியில் ஒரு சுடர்வெடிப்பை உருவாக்கி, அதை உண்மைச் சூரியனோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தினால், வேறொரு விண்மீனின் வெப்பநிலையையும் ஈர்ப்பையும் அதில் இட்டுக் கணக்கிடுகிறார்கள். கிடைக்கும் ஒளி, தொலைநோக்கியில் தெரியும் புள்ளியின் ஒளியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள்.

இதனால் என்ன பயன்? புரோக்சிமாவை 11 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் கோள் ஒன்று 2016இல் அறிவிக்கப்பட்டது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கு தூரத்தில்தான் அது சுற்றுகிறது. 2019 மே 1ஆம் தேதி அந்த விண்மீனில் ஏற்பட்ட சுடர்வெடிப்பில், புற ஊதா ஒளி சில விநாடிகளில் சுமார் 14,000 மடங்கு கூடியது. இத்தகைய தாக்குதலில் அக்கோளின் காற்று மண்டலம் தப்புமா? அங்கே போய் அளக்க வழியில்லை. கணினி மாதிரிகளின் துணையின்றி இதற்குப் பதில் தேட முடியாது.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லமாட்டேன். நாம் பார்த்தேயிராத புதுவகை வாணவெடி என்றால் ஊகம் தவறலாம் அல்லவா? புரோக்சிமா ஒரு செங்குறுமீன். அதன் நிறை சூரியனின் நிறையில் ஏறக்குறைய 12 விழுக்காடுதான். உள்ளமைப்பும் வேறு. சூரியனுக்குப் பொருந்திய கணக்கு அங்கே அப்படியே பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எனவே, “அக்கோளில் உயிர் வாழ முடியாது” என்றோ “முடியும்” என்றோ ஒரு தலைப்பைப் படித்தால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதில் எது அளந்தது, எது கணக்கிட்டது? கணக்கிட்ட மாதிரி எதனோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது? வகுப்பிலும் இதே கேள்விகளை என்னைப் போன்ற ஆசிரியர்களிடம் தயங்காமல் கேளுங்கள்.