மனப்பாடம் எழுத்தாகுமா?

நம் தமிழ்ப்பள்ளிகளில் கட்டுரைப் பயிற்சி என்னும் பெயரால் நடைபெறுவது பெரும்பாலும் மனப்பாடப் பயிற்சியே ஆகும். பேனாவின் தன்கதையை எழுதச் சொன்னால், வகுப்பிலுள்ள பேனாக்கள் யாவும் ஒரே கடையில் விலைபோய், ஒரே பையில் வாழ்ந்து, ஒரே குப்பைத்தொட்டியில் உயிர்விடுகின்றன. மாதிரிக் கட்டுரையைப் பிழையின்றி ஒப்பித்தவன் பாராட்டுப் பெறுகின்றான். தான் கண்டதைத் தட்டுத்தடுமாறி எழுதியவன் சிவப்பு மையில் மூழ்குகின்றான். இதுவா மொழிக்கல்வி?

தேர்வுக்காகவே அவ்வாறு செய்தோம் என்பர் சிலர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிந்தது. மாதிரிக் கட்டுரை இன்னும் ஒழியவில்லையே!

ஃபிளிக்கர் போன்ற இணையப் படப்பகிர்வுத் தளங்களை எழுத்து வகுப்பிற்குக் கொணர்வோம் என்றால், படம் காட்டினால் கற்பனை மழுங்கும் என மறுப்பார் உளர். படத்தால் பாடம் புகட்டல் நேற்றைய புதுமை அன்று. கல்வியறிஞர் கொமேனியசு 1658இலேயே சிறுவர்க்கெனப் படப் பாடநூல் வெளியிட்டார். நாமும் படங்கண்டு வாக்கியம் அமைக்கச் சொல்கின்றோம். ஆயின், பயிற்சி நூலின் படத்தில் தந்தை செய்தித்தாள் படிப்பார், தாய் சமைப்பார், பூனை உறங்கும். மாணவன் கண்டறிய அதில் என்ன உண்டு?

2004இல் தோன்றிய ஃபிளிக்கர் தளத்தில் பத்துமலைப் படங்களைத் தேடுக. 2018இல் படிகளுக்குப் பல வண்ணம் பூசப்படுமுன் எடுத்த படம் ஒன்றையும், பின்னர் எடுத்தது ஒன்றையும் அருகருகே காட்டுக. பின் வினவுக: அந்த 272 படிகளில் மாறியது யாது? மாறாதது யாது? ஏறுவோர் முகம் என்ன சொல்கிறது? இவற்றிற்கு எந்த மாதிரிக் கட்டுரையிலும் விடை இல்லை. 'ஏறுகிறார்' என்னும் சொல் போதாதபோது மாணவன் வேறு சொல் தேடுவான். அவ்வேளையில் நாம் தரும் 'அடிமேல் அடிவைத்து' என்னும் தொடர் அவனுக்கே உரிமையாகும். பட்டியலிட்டுத் திணித்த தொடர் தேர்வோடு மறைந்துவிடும்.

படத்தைத் திரையில் ஏற்றிவிட்டு மேசைக்குத் திரும்பும் ஆசிரியர்க்கும் ஒரு சொல்: படம் தானே எழுதுவிக்காது, வினாவே எழுதுவிக்கும். தக்க படத்தை ஆசிரியரே முன்கூட்டித் தெரிவு செய்தல் வேண்டும். இணையத்தில் உள்ளவை எல்லாம் பொதுச்சொத்தும் அல்ல. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துடன் வெளியான படங்களைத் தேர்ந்து, எடுத்தவர் பெயரைக் குறிக்கவும் கற்பிக்க வேண்டும். நம் மாணவர் முகங்களைப் பொதுவெளியில் ஏற்றலாகாது. திரை இல்லாத பள்ளியா? அச்சிட்ட ஒரு படம் போதும்.

ஆசிரியப் பெருமக்களே! மாணவன் சொந்தமாய் எழுதும் முதல் வாக்கியம் பிழையோடு வரலாம். வரட்டும். பிழையைத் திருத்த நாம் இருக்கின்றோம். எழுதாத வாக்கியத்தைத் திருத்த வல்லார் யார்?