ரயில் பாதுகாப்பு: கருவி மட்டும் போதுமா?

2023 ஜூன் 2 அன்று மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்திலுள்ள பஹானகா பஜார் நிலையத்தை நெருங்கியபோது சிக்னல் பச்சையாகவே இருந்தது. ஓட்டுநர் அதை ஏற்று வண்டியைச் செலுத்தினார். ஆனால் தண்டவாளம் பிரதான பாதையிலிருந்து லூப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றிருந்தது. மோதிய வேகத்தில் சிதறிய பெட்டிகள், எதிர்த்திசையில் கடந்துகொண்டிருந்த பெங்களூரு - ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் சாய்த்தன. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைப்புக்காகத் தென்மாநிலங்களுக்கு வந்துகொண்டிருந்த தொழிலாளர்கள் அவர்களில் பலர்.

அந்த விபத்துக்குப் பிறகு ஆட்சியாளர்களின் பேச்சிலும் ஊடக விவாதங்களிலும் திரும்பத் திரும்ப ஒலித்த சொல் 'கவச்'. ரயில்கள் மோதாமல் தடுக்கும் இந்த உள்நாட்டுக் கருவி அவசியமானது என்பதில் இருவேறு கருத்து இல்லை. ஆயினும், கருவியைப் பொருத்தினால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்ற எண்ணத்தைப் பஹானகா பஜாரே பொய்யாக்குகிறது.

ரயில் பாதையில் உணரிகள் புதியவை அல்ல. தண்டவாளத்தில் குறைந்த அழுத்த மின்சாரத்தைச் செலுத்தி, அதன் மீது சக்கரம் ஏறியதும் ரயில் இருப்பதைக் கண்டறியும் 'டிராக் சர்க்யூட்' நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. கடந்து செல்லும் அச்சுகளை எண்ணும் 'ஆக்சில் கவுண்டர்' இன்னொன்று. இவை தரும் தகவலைக் கொண்டே இன்டர்லாக்கிங் அமைப்பு சிக்னலைத் தீர்மானிக்கிறது. எங்கே பழுது ஏற்பட்டாலும் சிக்னல் சிவப்புக்கு மாற வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதி.

பஹானகா பஜாரில் அந்த விதிதான் முறிந்தது. அங்கு முன்னர் நடந்த சிக்னல் சுற்று மாற்றத்திலும், 94-ஆம் எண் லெவல் கிராசிங்கின் தடுப்புக் கம்பத்தை மாற்றும் பணியிலும் நேர்ந்த தவறுகளே விபத்துக்குக் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டறிந்தது. இணைப்புப் பெட்டிக்குள் கம்பிகளுக்குத் தவறான அடையாளச் சீட்டு இடப்பட்டிருந்ததும், அது கண்டுபிடிக்கப்படாமலே கிடந்ததும் வெளிவந்தன. தவறான கம்பி வழியே வந்த தகவல் இன்டர்லாக்கிங் அமைப்பை ஏமாற்றியது. சிக்னல் பச்சை என்று இன்டர்லாக்கிங் சொன்னால் கவச்சும் அதை நம்பித்தான் வண்டியை அனுமதிக்கும். கருவிக்குக் கிடைக்கும் தகவல் பொய்யானால் கருவியும் பொய்யையே சொல்லும்.

இத்தகைய ஆபத்து முன்பே தலைகாட்டியிருந்தது. 2023 பிப்ரவரி 8 அன்று கர்நாடகாவின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் சிக்னல் ஒரு பாதையையும் தண்டவாளம் இன்னொரு பாதையையும் காட்டின. ஓட்டுநர் கவனித்து வண்டியை நிறுத்தியதால் விபத்து தவிர்க்கப்பட்டது. தென்மேற்கு ரயில்வேயின் உயரதிகாரி ஒருவர் மறுநாளே, இன்டர்லாக்கிங் அமைப்பில் கடும் குறைபாடு இருப்பதாக எழுத்து மூலம் எச்சரித்தார். நான்கு மாதங்களுக்குள் பஹானகா பஜார் நடந்தது.

தண்டவாளத்தை அளப்பதிலும் இதே அலட்சியம்தான். பாதையின் அகலம், முறுக்கம், நேர்த்தி ஆகியவற்றை ஓடிக்கொண்டே பதிவு செய்யும் ஆய்வு ரயில்கள் ரயில்வேயிடம் உள்ளன. 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இந்த ஆய்வுகளில் 30 முதல் 100 சதவீதம் வரை பற்றாக்குறை இருந்ததைச் சுட்டிக்காட்டியது. 1,129 தடம்புரளல் விசாரணை அறிக்கைகளை ஆராய்ந்ததில், 171 நிகழ்வுகளுக்குத் தண்டவாளப் பராமரிப்புக் குறைபாடே காரணம் என்று தெரிந்தது. பராமரிப்பைக் கண்காணிக்க உருவாக்கப்பட்ட கணினித் தளத்தின் உள்ளமைந்த கண்காணிப்பு ஏற்பாடு இயங்கவில்லை. தண்டவாளப் புதுப்பிப்புக்கான நிதி ஒதுக்கீடு 2018-19-இல் 9,607 கோடி ரூபாயாக இருந்து, அடுத்த ஆண்டில் 7,417 கோடியாகக் குறைந்தது.

ஆக, அளக்கும் கருவி இருந்தது, அளக்கவில்லை. அளந்த இடத்தில் சரிசெய்யப் பணமும் ஆளும் இல்லை. 2012-இல் அனில் ககோட்கர் குழு, 19,000 கி.மீ. பிரதான வழித்தடங்களில் நவீன சிக்னல் முறையை ஐந்தாண்டுகளில் நிறுவ வேண்டும் என்று பரிந்துரைத்தது. பஹானகா பஜார் விபத்தின்போது ஏறத்தாழ 68,000 கி.மீ. வழித்தடத்தில் கவச் இருந்தது 1,465 கி.மீ.யில் மட்டுமே. அந்த ஆண்டில் ரயில்வேயில் லட்சக்கணக்கான பணியிடங்கள் காலியாகக் கிடந்தன.

பழி மட்டும் தவறாமல் கீழ்நோக்கி இறங்குகிறது. பஹானகா பஜார் வழக்கில் கைதானவர்கள் சிக்னல் பிரிவின் மூன்று ஊழியர்கள். 2024 ஜூன் 17 அன்று ரங்காபாணி அருகே காஞ்சன்ஜங்கா விரைவு ரயில் மீது சரக்கு ரயில் மோதியபோது, விசாரணை தொடங்கும் முன்பே, உயிரிழந்த சரக்கு ரயில் ஓட்டுநர் மீது ரயில்வே வாரியம் குற்றம் சுமத்தியது. பின்னர் வந்த பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையோ, அன்று காலை முதலே தானியங்கி சிக்னல் பழுதாகியிருந்ததையும், ஓட்டுநர்களுக்குத் தரப்பட்ட அனுமதிச் சீட்டு முறையற்றதாக இருந்ததையும், அவர்களுக்குப் போதிய பயிற்சி தரப்படாததையும் வெளிப்படுத்தியது. கருவி செயலிழக்கும் நேரத்தில் பயிற்சி பெற்ற மனிதரே கடைசிப் பாதுகாப்பு. அவரைத் தயார்படுத்தாத நிர்வாகம், விபத்து நடந்ததும் அவரையே குற்றவாளியாக்குகிறது.

இதிலிருந்து தொழிற்சங்க இயக்கம் பெற வேண்டிய முடிவு, இயந்திரத்தை எதிர்ப்பது அல்ல. உணரிகளும் அளவீடும் தொழிலாளிக்கும் பயணிக்கும் உயிர்க் கவசம். அவற்றைக் கேட்டுப் பெறுவது தொழிலாளர் வர்க்கத்தின் கோரிக்கையாக இருக்க வேண்டும். ஆட்குறைப்புக்கு அவற்றைச் சாக்காக்குவதை எதிர்ப்பதும் அதே கோரிக்கையின் மறுபாதி. தண்டவாளத்தில் நடந்து சுத்தியலால் தட்டிப் பார்க்கும் கீமேனும், கம்பி இணைப்பைச் சோதிக்கும் சிக்னல் ஊழியரும் இல்லாமல் எந்தக் கருவியும் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளாது.

பாதுகாப்புப் பிரிவின் காலியிடங்கள் அனைத்தும் நிரந்தர ஊழியர்களால் நிரப்பப்பட வேண்டும். கவச் விரிவாக்கத்துக்குக் காலக்கெடுவும் நிதியும் அறிவிக்கப்பட வேண்டும். தண்டவாளத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு குழுவுக்கும் ரயில் வருவதை முன்னறிவிக்கும் கருவி தரப்பட வேண்டும். ஆய்வு ரயில்களின் அளவீடுகளும் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கைகளும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். கோளாறைச் சுட்டிக்காட்டி வண்டியை நிறுத்தும் ஊழியருக்குத் தண்டனை அல்ல, பாதுகாப்பு வேண்டும்.

ரயில்வே மக்களின் சொத்து. அதன் நிலையை அளந்து காட்டும் ஒவ்வொரு எண்ணையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. புதிய ரயில்களுக்குக் கொடியசைக்கும் விழாக்களுக்குக் காட்டும் அவசரத்தை, பழைய தண்டவாளத்தை அளப்பதிலும் திருத்துவதிலும் ஒன்றிய அரசு காட்டும்வரை இந்தப் போராட்டம் ஓயக்கூடாது.