காப்பியும் கிணற்று நீரும்

காப்பி சுவைக்கவில்லையெனில் தூளைக் குறை கூறுகிறோம். அதைவிட எளிதாக இல்லத்தரசியைக் கடிந்துகொள்கிறோம். உப்பனாறும் கடலும் அருகிருக்கும் முதுநகரில் நாம் முதலில் ஐயுற வேண்டியது நீரையே. வடித்த டிகாஷனில் பெரும்பகுதி நீர்தானே!

கடின நீரிலுள்ள பைகார்பனேட்டு உப்புகள் காப்பியின் இனிய புளிப்பை முறித்துச் சுவையை மந்தமாக்குகின்றன. அந்நீரை நன்கு கொதிக்கவைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துக்கொண்டால் இக்குறை ஓரளவு நீங்கும். பாத்திரத்தின் அடியில் படியும் வெண்படலமே அதற்குச் சான்று.

உவர்ப்பு அவ்வாறன்று. கொதிக்கக் கொதிக்க நீர்தான் ஆவியாகும். உப்பு தங்கிவிடும், உவர்ப்பும் மிகும். தூளைக் கூட்டினாலும் பயனில்லை, கசப்பே ஏறும். (சர்க்கரையைக் கூட்டுவோரும் உளர்!) உவர்க்கிணறுள்ள இல்லத்தார், குடிப்பதற்கெனக் குடத்தில் சேர்த்த நன்னீரில் ஒரு குவளையை டிகாஷனுக்கு ஒதுக்குவார்களாக. பில்டரைக் கழுவக் கிணற்று நீர் போதும்.