நூறு சதவீதத் தேர்ச்சியும் ஒரு கரடிக்குட்டியும்

'பேடிங்டன் 2' படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே யாராவது ஒருவர், "அது சிட்டிசன் கேனையே மிஞ்சின படமாச்சே சார்!" என்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் நான். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். மைக்கேல் பாண்ட் எழுதிய கரடிக் கதைகளை வைத்து பால் கிங் இயக்கிய இரண்டாம் பாகம், 2017-இல் வந்தது. விமர்சனங்களைத் தொகுத்துச் சதவீதம் போடும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் அது பல காலம் 100-இல் நின்றது. 2021-இல், சிட்டிசன் கேனைக் குறை சொன்ன 1941-ஆம் ஆண்டுப் பத்திரிகை விமர்சனம் ஒன்று அந்தத் தளத்தில் சேர, அந்தப் படம் 99-க்கு இறங்கியது. கரடி ஆர்சன் வெல்ஸை வென்றுவிட்டது என்று ஒரே ஆரவாரம். சில வாரங்களில் கரடிக்கும் ஒரு எதிர் விமர்சனம் வந்தது. அதுவும் 99.

நண்பர்களே, அந்த 100 மதிப்பெண் அல்ல; தேர்ச்சி விகிதம்! வகுப்பில் 40 பிள்ளைகளும் ஆளுக்கு 35 வாங்கினாலும் 100 சதவீதத் தேர்ச்சிதான். அதேபோல எல்லா விமர்சகரும் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்றாலே படத்துக்கு 100. ஒன்பது பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, ஒருவர் மட்டும் பிடிக்கவில்லை என்றால் 90. இதை வைத்து எது பெரிய படம் என்று எப்படிச் சொல்வது?

இதைவிட எனக்குப் பொறுக்காதது, அந்த ஒற்றை விமர்சகர் மேல் பாய்ந்த கோபம். 'நான் சிறுவயதில் அறிந்த கரடி இது இல்லை' என்பதுதான் அவர் வாதம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் படம் பார்த்து, காரணம் சொன்னார். பள்ளி வாசலில் 100 சதவீதம் என்று பலகை வைப்பதற்காக, சரியாகப் படிக்காத பிள்ளையைப் பரீட்சைக்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்பிய பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். கணக்கைக் கெடுக்கிறவனை வெளியே தள்ளு என்கிற அதே புத்திதான் இங்கேயும்.

இந்தக் கூச்சலில் படம் ஏன் நல்ல படம் என்ற பேச்சே காணாமல் போயிற்று. லூசி அத்தையின் நூறாவது பிறந்தநாளுக்குப் புத்தகம் வாங்க ஆசைப்பட்ட கரடி, செய்யாத திருட்டுக்குச் சிறைக்குப் போகிறது. அங்கே எல்லோரும் நடுங்கும் சமையல்காரனிடம் போய், சாப்பாடு சரியில்லை என்று மரியாதையாகச் சொல்கிறது. அந்த மரியாதையிலிருந்துதான் சிரிப்பு பிறக்கிறது. யாரையும் மட்டம் தட்டி அல்ல. நிறத்தையும் உடம்பையும் கேலி செய்தே குடும்பச் சித்திரம் என்று விற்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். மங்கிப்போன நடிகனாக, தன்னையே கிண்டல் செய்துகொண்ட ஹியூ கிராண்டுக்கு பாஃப்டா பரிந்துரை கிடைத்தது. இரண்டாம் பாகம் என்றாலே முதல் படத்தின் எச்சில் என்ற நினைப்பையும் இந்தப் படம் பொய்யாக்கியது.

பிள்ளைகளோடு பாருங்கள். பார்த்த பிறகு "எத்தனை மார்க் போடலாம்?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் சிரித்தாய், ஏன் சிரித்தாய்?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை "எனக்குப் பிடிக்கவில்லை" என்றால் அதற்கும் காரணம் கேட்டு, பொறுமையாகக் காது கொடுங்கள்.